ஐந்து சாம்பியன்கள், நான்கு இடங்கள்: ஜெர்மனியின் நான்காம் அடுக்குக் கால்பந்து விதி

ஜெர்மன் கால்பந்தின் நான்காம் அடுக்குக்கு ரீஜியோனல்லிகா என்று பெயர். அது ஒரே லீக் அல்ல. வட்டாரவாரியாகப் பிரிந்த ஐந்து லீக்குகள். ஆண்டுதோறும் ஐந்து அணிகள் முதலிடம் பிடிக்கின்றன. மேலே உள்ள மூன்றாம் லீக்கில் அவற்றுக்குக் காத்திருப்பவை நான்கு இடங்கள். ஆக, பருவம் முழுக்க ஆடி வென்ற ஒரு சாம்பியன் ஒவ்வோர் ஆண்டும் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அது யார் என்பதைத் தீர்மானிக்கும் விதியைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் வரைபடம். நாட்டின் 16 மாநிலங்களும் ஐந்து வட்டாரங்களுக்குள் அடங்குகின்றன. பவேரியா தனி மாநிலமாகவே ஒரு லீக். மேற்கு லீக்கும் அப்படித்தான். நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம் மட்டுமே அதில் உண்டு. வடக்கில் ஹாம்பர்க், பிரேமன், லோயர் சாக்சனி, ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் ஆகிய நான்கு மாநிலங்கள். தென்மேற்கில் ஹெஸ்ஸே, ரைன்லாந்து-ஃபால்ஸ், சார்லாந்து, பாடன்-வூர்ட்டம்பெர்க். வடகிழக்கு என்பது பெர்லினும் பழைய கிழக்கு ஜெர்மனியின் ஐந்து மாநிலங்களும்.

இந்த ஏற்பாடு 2012இல் வந்தது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் மூன்று லீக்குகளே இருந்தன. மூன்று சாம்பியன்களும் நேரே மேலே போனார்கள். கணக்கு சுத்தமாக இருந்தது, செலவுதான் கட்டுப்படியாகவில்லை. அன்றைய வடக்கு லீக்கில் பால்டிக் கடலோரத்துக் கீல் நகர அணியும் செக் நாட்டு எல்லைக்கு அருகிலுள்ள பிளாவன் அணியும் ஒன்றாக ஆடின. இடையே சாலைவழி 500 கிலோமீட்டருக்கு மேல். தொலைக்காட்சி வருமானம் பெரிதாக இல்லாத அடுக்கில், பகலில் வேறு வேலை பார்க்கும் ஆட்டக்காரர்களையும் வைத்துக்கொண்டு இப்படி அலைவது எந்தச் சிறு கிளப்புக்கும் சுமைதான். லீக்குகள் ஐந்தாகப் பிரிந்தபோது பயணம் குறைந்தது, அண்டை ஊர்ப் போட்டிகள் திரும்பின, லீக்கை நடத்தும் பொறுப்பும் வட்டாரச் சங்கங்களிடம் போனது. வட்டாரப் பிரிப்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது என்றே சொல்ல வேண்டும். சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது: லீக்குகளைப் பெருக்கியவர்கள் மேலே போகும் இடங்களைப் பெருக்கவில்லை.

2012 முதல் 2018 வரை மேலே மூன்று இடங்கள் மட்டும். ஐந்து சாம்பியன்களோடு தென்மேற்கில் இரண்டாமிடம் பெற்ற அணியையும் சேர்த்து ஆறு அணிகளை இரண்டிரண்டாக மோதவிட்டார்கள். பத்து மாத உழைப்பு இரண்டு ஆட்டங்களில் முடிவாகும். தென்மேற்கின் வால்ட்ஹோஃப் மன்ஹைம் அணி 2016, 2017, 2018 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் இந்தத் தகுதிச் சுற்று வரை வந்து மூன்று முறையும் தோற்றது. 2017இல் இரண்டு ஆட்டங்களிலும் கோலே விழவில்லை, பெனால்டியில் போனது. சாம்பியன்கள் மேலே போயாக வேண்டும் என்ற முழக்கம் ஜெர்மன் மைதானங்களில் ஓங்கியது இந்தக் காலத்தில்தான்.

2017 டிசம்பரில் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் பேரவை கூடியது. மூன்றாம் லீக்கிலிருந்து இனி மூன்றுக்குப் பதில் நான்கு அணிகள் தரமிறங்கும், அதனால் நான்கு அணிகள் தரமுயரும் என்று முடிவானது. 2018-19இல் தென்மேற்குக்கு நேரடி இடம் கிடைத்தது. அதே ஆண்டு மன்ஹைம் சாம்பியனாகித் தகுதிச் சுற்றே ஆடாமல் மேலே போனது. ஐந்து லீக்குகளை நான்காகக் குறைக்க வழி தேடிய குழுவோ உடன்பாடு காணாமல் கலைந்தது. அந்த இடைக்காலத்துக்குப் பின் 2020-21இல் நடைமுறைக்கு வந்ததுதான் இப்போதைய விதி.

விதி இதுதான். மேற்கு, தென்மேற்கு ஆகிய இரண்டு லீக்குகளின் சாம்பியன்களுக்கும் ஆண்டுதோறும் நேரடி இடம் உண்டு. இவை அளவில் பெரிய வட்டாரங்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். மீதமுள்ள வடக்கு, வடகிழக்கு, பவேரியா மூன்றுக்கும் இரண்டே இடங்கள். அவற்றில் ஒன்று சுழற்சி முறையில் ஒரு லீக்குக்கு நேரடியாகப் போகும். மற்ற இரு சாம்பியன்களும் சொந்த மண்ணில் ஒன்று, எதிரணி மண்ணில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள் ஆடி மிஞ்சிய இடத்தைத் தீர்த்துக்கொள்வார்கள். 2020-21இல் நேரடி இடம் வடகிழக்குக்கு, அடுத்த ஆண்டு பவேரியாவுக்கு, அதற்கடுத்து வடக்குக்கு. பிறகு அதே வரிசையில் மறுபடி: 2023-24 வடகிழக்கு, 2024-25 பவேரியா, 2025-26 வடக்கு.

சுழற்சி என்றால் காதுக்கு நியாயமாகத்தான் படுகிறது. எனர்ஜி கோட்பஸ் கிளப்பைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். 2023இல் வடகிழக்கு சாம்பியன் ஆன அந்த அணிக்கு அது தகுதிச் சுற்று ஆண்டு. பவேரிய சாம்பியன் உன்டர்ஹாகிங்கிடம் தோற்று அங்கேயே நின்றது. 2024இல் மறுபடி சாம்பியன். இந்த முறை நேரடி ஆண்டு என்பதால் மேலே போய்விட்டது. செய்த சாதனை ஒன்றுதான், மாறியது நாட்காட்டி மட்டுமே.

லோக்கோமோட்டிவ் லைப்சிக்கின் கதை இன்னும் கசப்பானது. இடைக்கால ஏற்பாட்டில் 2020இல் வடகிழக்கும் மேற்கும் மோத வேண்டியிருந்தது. ஃபெர்ல் அணியுடன் லைப்சிக்கில் 2-2, மறு ஆட்டம் 1-1. தோற்கவே இல்லை, சமநிலையானால் எதிரணி மண்ணில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற கணக்கில் ஃபெர்ல் மேலே போனது. அந்த ஃபெர்ல் மேற்கில் முதலிடம் பிடித்த அணிகூட அல்ல! முதலிடத்து அணி மூன்றாம் லீக் உரிமத்துக்கு விண்ணப்பிக்காததால் வாய்ப்பு கைமாறி வந்தது. 2025இல் லைப்சிக் மீண்டும் சாம்பியன், மீண்டும் தகுதிச் சுற்று. வடக்கு சாம்பியன் ஹாவெல்சேயுடன் முதல் ஆட்டம் 1-1; சொந்த மைதானத்தில் நடந்த இரண்டாவதில் கூடுதல் நேரத்துக்குப் பின் 0-3.

உரிமம் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் முதலிடம் மட்டும் போதாது. மூன்றாம் லீக்கில் ஆட விரும்பும் கிளப் முன்கூட்டியே விண்ணப்பித்து, நிதிநிலையையும் மைதான வசதியையும் காட்டியாக வேண்டும். மைதானம் தேறாவிட்டால் பக்கத்து நகரத்தில் வாடகைக்கு எடுத்து ஆடும் கிளப்புகளும் உண்டு. பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளும் இந்தப் போட்டியில் இருக்கின்றன. அவை மூன்றாம் லீக் வரை உயரலாம், அதற்கு மேல் அனுமதி இல்லை.

கீழ்ப் பக்கத்திலும் வட்டாரப் பிரிப்பு வேலை காட்டும். மூன்றாம் லீக்கிலிருந்து இறங்கும் நான்கு அணிகளும் தத்தம் வட்டாரத்துக்கே வருகின்றன. ஓர் ஆண்டு மூன்று அணிகள் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவையாக இருந்தால், அங்கே கூடிய எண்ணிக்கையைச் சரிக்கட்ட ஐந்தாம் அடுக்குக்கு அதிக அணிகள் தள்ளப்படும். யாரோ எங்கோ தோற்றதற்கு இங்கே ஒரு கிளப் இறங்கும்.

2025இல் வடகிழக்குக் கிளப்புகள் முன்னின்று விதியை மாற்றக் கோரும் இயக்கம் ஒன்றைத் தொடங்கின. மற்ற வட்டாரங்களிலும் ஆதரவு கிடைத்தது. ஐந்தை நான்காக்கினால் சாம்பியனும் இடமும் சரிக்குச் சரி ஆகிவிடும். ஆனால் எந்த லீக்கைக் கலைப்பது? வடகிழக்கைப் பிரித்து வடக்கோடும் பவேரியாவோடும் இணைக்கலாம் என்றால், தன் பழைய எதிரிகளோடு ஆடி ரசிகர்களைத் திரட்டும் கிழக்குக் கிளப்புகள் ஒப்புவதில்லை. பவேரியச் சங்கத்துக்குத் தன் லீக் தன் கையில் இருக்க வேண்டும். நிலையான எல்லையே வேண்டாம், ஒவ்வோர் ஆண்டும் பயணத் தூரத்தைக் கணக்கிட்டு அணிகளை நான்காகப் பகுப்போம் என்ற யோசனையும் பேசப்படுகிறது. அதில் எல்லையோரக் கிளப் ஓர் ஆண்டு ஒரு லீக்கிலும் மறு ஆண்டு வேறொன்றிலும் இருக்க நேரலாம்.

லீக்குகளைத் தொடாமலே தீர்க்கவும் வழி உண்டு: மூன்றாம் லீக்கிலிருந்து ஐந்து அணிகளை இறக்குவது. அங்கே இருப்பவை 20 அணிகள். ஆண்டுக்குக் கால்வாசிப் பேர் வெளியேறும் ஒரு லீக்குக்கு அந்த 20 கிளப்புகளும் கைதூக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.