1000 என்ற இலக்கக்காரர் யார்?

நிலாவெளிப் பக்கமிருந்து கணினி படிக்கும் ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார்: "அண்ணா, உட்துறைமுகத்தில் நீர்மட்டம் அளக்க ஒரு ராஸ்பெரி பை பலகைக்கு யோக்டோவில் லினக்ஸ் படிமம் கட்டினேன். எஸ்எஸ்எச் தொடங்க மறுக்கிறது. அதன் அடைவைப் பார்த்தால் சொந்தக்காரர் இருக்கும் இடத்தில் 1000 என்று நிற்கிறது. பலகையில் அப்படி ஒரு ஆளே இல்லையே?"

யோக்டோ என்பது இப்படிப்பட்ட சிறு பலகைகளுக்கு லினக்ஸைக் கட்டித் தரும் கருவித்தொகுதி. படிமம் என்பது பலகையில் ஏற்றும் முழு இயங்குதளம். எஸ்எஸ்எச், தூரத்திலிருந்து பலகைக்குள் நுழைய உதவும் சேவை.

அந்த 1000 அவரேதான்.

நம் ஊரில் காணி உறுதியில் பெயர் இருக்கும். லினக்ஸின் உறுதியில் பெயர் கிடையாது, இலக்கம் மட்டுந்தான். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்று ஒரு சிறு பதிவு உண்டு. சொந்தக்காரரின் இலக்கம் அதில் இருக்கும். அந்த இலக்கம் யாருடையது என்பதை பயனர் பட்டியலான பாஸ்வேர்ட் கோப்பு சொல்லும். எல்லா அதிகாரமும் உள்ள பயனரான ரூட்டுக்கு 0. உபுண்டுவிலும் டெபியனிலும் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000. ஆக, தங்கச்சியின் மடிக்கணினியில் 1000 என்றால் அவர். பலகையில் 1000 என்றால் யாருமில்லை. எஸ்எஸ்எச் சேவை தன் வெற்று அடைவு ரூட்டின் பெயரில் இல்லாவிட்டால் தொடங்கவே தொடங்காது. அது சரியான பிடிவாதம்.

சரி, படிமத்தில் எல்லாம் ரூட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். ஆனால் கட்டுபவர் சாதாரண பயனர். ஒரு கோப்பை இன்னொருவர் பெயருக்கு மாற்ற அவருக்கு அனுமதி இல்லை. ரூட்டாகவே கட்டலாம் என்றால், யோக்டோவில் கட்டும் வேலையை நடத்தும் பிட்பேக் மறுத்துவிடும். அதுவும் நியாயம். எங்கோ ஒரு வரி பிசகினால் உங்கள் சொந்தக் கணினியே அழிந்துபோகும்.

இந்த இடத்துக்கு வரும் கருவிதான் சூடோ (pseudo; sudo அல்ல). பில்ட்ரூட் என்ற இன்னொரு கட்டும் கருவியில் அதே வேலையை ஃபேக்ரூட் செய்கிறது. எத்தனை தரம் படித்தாலும் எனக்கு இதன் அழகு அலுப்பதில்லை. ஒரு நிரல் தொடங்கும்போது, நிரல்கள் இயங்குதளத்தோடு பேசப் பயன்படும் சி நூலகத்துக்கு முன்பாகத் தன் நூலகத்தைச் சூடோ ஏற்றிவிடுகிறது. அப்புறம் அந்த நிரல் "இந்தக் கோப்பை ரூட்டின் பெயருக்கு மாற்று" என்று கேட்டால், கேள்வி லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் போவதில்லை. கந்தோர் வாசலில் மேசை போட்டிருக்கும் லிகிதர் போல சூடோ அதை வாங்கி, தன் பதிவேட்டில் "இன்ன ஐநோட், சொந்தக்காரர் 0" என்று எழுதிக்கொண்டு "சரி, மாற்றியாயிற்று" என்கிறது. பதிவேடு என்பது ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளம். பிறகு யாராவது "இது யாருடையது?" என்று கேட்டால், கெர்னல் 1000 என்று சொன்னாலும் சூடோ பதிவேட்டைப் பார்த்து 0 என்று திருத்திக் கொடுக்கும். கடைசியில் படிமம் எழுதும் நிரலும் இதே மேசையில்தான் கேட்கிறது. அதற்குக் கிடைத்த 0 படிமத்தின் உண்மையான ஐநோட்டில் பதிந்துவிடுகிறது. வட்டில் ஒருபோதும் நடக்காத உரிமை மாற்றம், பலகைக்குப் போகும்போது மெய்யாகிவிடுகிறது!

பிழைகள் எல்லாம் இந்த மேசையைத் தாண்டிப் போகிற இடங்களில்தான் பிறக்கின்றன. மூலக்கோப்புகளை விரிப்பதும் தொகுப்பதும் சூடோவுக்கு வெளியே நடப்பவை. அந்தக் கோப்புகள் பதிவேட்டில் இல்லை, ஆகவே 1000 ஆகவே தெரியும். நிறுவும் கட்டத்தில் புதிதாக உருவாகும் கோப்பு ரூட்டுக்குப் போகும். ஆனால் கோப்பைப் பிரதி எடுக்கும் சிபி கட்டளையை "உரிமையையும் காப்பாற்று" என்ற தெரிவோடு கொடுத்தால், அது பழைய 1000த்தை உண்மையாகவே சுமந்துகொண்டு வரும். முழுக்கத் தனக்குள்ளேயே கட்டப்பட்ட நிரல்கள் சி நூலகத்தை வெளியிலிருந்து ஏற்றுவதில்லை. அவற்றின் கேள்விகள் நேரே கெர்னலுக்குப் போய்விடும்.

இன்னொன்று நுட்பமானது. சூடோவுக்கு வெளியே ஒரு கோப்பை அழித்தால் பதிவேட்டில் அதன் வரி நீங்காது. அதே ஐநோட் இலக்கம் நாளை வேறொரு கோப்புக்குக் கிடைக்கலாம். வீட்டை இடித்த சேதி பதிவகத்துக்கு வராமலே, அதே இலக்கத்தில் புது வீடு எழும்பியது மாதிரி. முன்பு சூடோ இதைக் கண்டால் ஒரு குறிப்பு எழுதிவிட்டுத் தொடர்ந்து போகும். 2020இல் வந்த யோக்டோ 3.2 முதல், வேலையையே நிறுத்திவிடுகிறது. நல்ல முடிவு.

"டெம்ப் (தற்காலிக) அடைவை அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டு" என்று பலர் கழிப்புக் கழிப்பது போலச் சொல்வார்கள். அது சில தரம் பலிப்பதற்குக் காரணம், பழைய பதிவேடும் சேர்ந்து அழிவதுதான். காரணம் தெரியாமல் செய்தால் சிபி பிழை அடுத்த இரவும் அப்படியே வரும். எங்கள் பிள்ளைகள் மடிக்கணினியில் இரவெல்லாம் காத்திருந்து கட்டுகிறார்கள். பலகை வாங்கக் காசு ஒதுக்கும் திட்டங்கள், கட்டுவதற்கு ஒரு நல்ல கணினிக்கும் ஒதுக்க வேண்டும் என்று நான் எங்கே போனாலும் சொல்கிறேன்.

தங்கச்சி, கட்டும்போது வந்த எச்சரிக்கைகளில் "ஹோஸ்ட்-யூசர்-கன்டாமினேட்டட்" (கட்டும் கணினியின் பயனர் இலக்கம் கலந்துவிட்டது) என்று இருக்கிறதா என்று தேடுங்கள் என்றேன். இருந்தது, மூன்று கோப்புகளின் பெயரோடு. கட்டும் முறையை எழுதியிருக்கும் ரெசிபியைத் திறந்தால், ஒரு அடைவை அப்படியே தூக்கிவரும் சிபி வரி. உரிமையைக் காப்பாற்றாத வகையில் அதை மாற்றச் சொன்னேன். அளவி நிரலுக்கென்று தனிப் பயனர் வைத்திருந்தார். அந்த இலக்கத்தையும் நிலையாக எழுதி வைக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் அடுத்த படிமத்தில் வேறு இலக்கம் விழலாம், தரவுப் பகுதியில் சேர்ந்த பழைய அளவீடுகளைத் திறக்க அந்த நிரலுக்கே அனுமதி இல்லாமல் போகும்.

நேற்று மாலை படம் அனுப்பியிருந்தார். பெயரில்லாமல் இலக்கமாகவே காட்டும் பட்டியல். வெற்று அடைவின் வரியில் 0, பக்கத்தில் குழுவின் இலக்கமாக இன்னொரு 0.