தைலம் மூக்கைத் திறக்கிறதா?

"யூகலிப்டஸ் தைலம் விட்டு ஆவி பிடித்தால் அந்த நிமிடமே நன்றாக மூச்சு விட முடிகிறதே, சளி அவ்வளவு சீக்கிரமா கரைகிறது?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கரைவதில்லை. மூக்கடைப்பில் சளியின் பங்கு பாதிக்கதைதான். வைரஸ் தொற்றினால் மூக்கின் உட்சுவரில் ரத்தக் குழாய்கள் விரிந்து, சவ்வு வீங்கி, வழி குறுகிவிடும். தைலம் அந்த வீக்கத்தை நொடியில் வற்றவைக்காது.

சரி, பிறகு எப்படி? மூக்கடைத்திருக்கும்போது குளிர்ந்த கைக்கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சு விட்டுப் பாருங்கள். இரண்டு பனித்திட்டுகள் படியும், அடைத்த பக்கம் சின்னதாக. இப்போது புதினா உப்பை (மென்தால் படிகத்தை) லேசாக முகர்ந்துவிட்டு மறுபடி பாருங்கள். மூச்சு தாராளமாகப் போவதுபோல் இருக்கும். திட்டு ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். ஆய்வகத்தில் கருவி வைத்து அளந்தவர்களும் இதையேதான் கண்டார்கள்.

எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் இது. மூக்கில் எவ்வளவு காற்று போகிறது என்பதை மூளை பெரும்பாலும் குளிர்ச்சியை வைத்துத்தான் கணிக்கிறது. உள்ளே வரும் காற்று சவ்வைக் குளிர்விக்கும். அங்குள்ள நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதக் கதவு. வெப்பம் சுமார் 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது திறந்து, கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாய, "குளிர்காற்று வருகிறது" என்று மூளைக்குச் சேதி போகும். புதினாவின் மென்தால் வந்து ஒட்டிக்கொண்டால் அதே கதவு 30 டிகிரியிலேயே திறந்துகொள்ளும். யூகலிப்டஸ் தைலத்திலுள்ள சினியோல் என்ற பொருளும் இந்தக் கதவைத்தான் தட்டுகிறது, கொஞ்சம் மெதுவாக. வழி குறுகலாகவே இருக்க, மூளைக்கு மட்டும் காற்று நிறைய வருவதாகத் தோன்றுகிறது. மிளகின் காரம் தொடுவது வேறு கதவை, சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்பதை. அதனால்தான் மூக்கு ஒழுகுகிறது.

2002இல் விஞ்ஞானிகள் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே டிஆர்பிஎம்8ஐக் கண்டறிந்தார்கள். 2021இல் இருவருக்கும் நோபல் பரிசு. புதினா ஏன் குளிர்கிறது என்பது போன்ற 'உபயோகமற்ற' கேள்விகளுக்கும் அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

தைலம் வைரஸைக் கொல்லும் என்று வரும் செய்திகளை நம்பாதீர்கள். அதற்காகத் தைலத்தைத் தூக்கிப்போடவும் வேண்டாம். மூச்சு முட்டும் இரவில் தூங்க முடிவது பெரிய நிம்மதி. ஆனால் 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மென்தால், கற்பூரத் தைலம் வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழல் சட்டென்று இறுகிவிடக்கூடும். கொதிக்கும் பாத்திரத்தின் அருகில் எந்தக் குழந்தையையும் உட்காரவைக்காதீர்கள்.