கவுன்சலர்: ஆலோசகரா, துணையாளரா?

பினாங்கு, பாயான் பாருவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. ஒரு பக்கம் மனநலக் கவுன்சலிங், இன்னொரு பக்கம் நிறுவனங்களுக்கான பணியிட ஆலோசனை என்று இரண்டையும் நடத்தும் சிறிய நிலையம் அது. அங்கே வரவேற்பு மேசை என்னுடையது. தமிழில் பேசுகிறவர் அழைத்தால் போன் என் பக்கம் வந்துவிடும். சேர்ந்த முதல் வாரமே ஒரு பெரியவர் அழைத்தார். அவர் சந்தில் (லோரோங்) சாக்கடை (லொங்காங்) அடைப்பு.

"ஏம்மா, கவுன்சிலர் இருக்காரா? எங்க லோரோங்குல லொங்காங் அடைச்சு ஒரு வாரமாச்சு."

"அங்கிள், இது அந்தக் கவுன்சிலர் ஆபீஸ் இல்லை."

"அப்ப எந்தக் கவுன்சிலர்?"

அவருக்கு அன்று ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

லத்தீனில் இரண்டு சொற்கள் இருந்தன. கொன்சிலியும் என்று ஆங்கில 'சி' (concilium) போட்டு எழுதியது கூட்டம், கூட்டி அழைத்த அவை. கொன்சிலியும் என்று 'எஸ்' (consilium) போட்டு எழுதியது யோசனை, ஆய்ந்து எடுக்கும் முடிவு. முன்னதிலிருந்து மன்ற உறுப்பினர் வந்தார், பின்னதிலிருந்து நம் மேல்மாடிக்காரர் வந்தார். ஆங்கிலேயர்களே இரண்டையும் பல காலம் குழப்பி எழுதியவர்கள்தான், ஆகவே பெரியவர் மேல் குற்றமில்லை. மலாயில் இந்தச் சிக்கலே இல்லை. மன்றத்துக்காரர் 'ஆஹ்லி மஜ்லிஸ்', மற்றவர் 'காவுன்செலோர்'. கோலாலம்பூரிலும் சிக்கல் குறைவு, அங்கே மாநகராட்சிக்குக் கவுன்சிலர்களே கிடையாது. பினாங்கில் உண்டு, ஆனால் 1960களில் உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோனதிலிருந்து அவர்கள் நியமிக்கப்படுகிறவர்கள்தான். தமிழில் எழுதும்போது லொங்காங்கைப் பார்ப்பவருக்குக் 'கவுன்சிலர்', மனதைப் பார்ப்பவருக்குக் 'கவுன்சலர்' என்று ஓர் எழுத்து வித்தியாசமாவது வைத்துக்கொள்வது நல்லது. பேச்சில் அது நிற்காது என்பது வேறு விஷயம்.

இந்தத் தொழிலின் பிறப்பே வேலை சம்பந்தப்பட்டதுதான். 1908இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், எந்த வேலைக்குப் போவது என்று தெரியாமல் நின்ற இளைஞர்களுக்காக ஓர் அலுவலகம் தொடங்கினார். பிறகு 1940களில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வந்தார். எதிரே உட்கார்ந்திருப்பவரை நோயாளி என்று அழைக்காமல் கிளையண்ட் என்றார். வழி சொல்வது தன் வேலையல்ல, அவரே கண்டுபிடிக்கும்வரை கவனமாகக் கேட்பதுதான் வேலை என்பது அவர் கட்சி. மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டம், சட்டம் 580, பதிவு பெற்றவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறது. கவுன்சலிங் என்பது உளவியல் அடிப்படையில் முறைப்படி நடக்கும் உதவி உறவு, மாற்றம் அந்த ஆள் தானாக விரும்பி அடைவது என்கிறது அதன் வரையறை. பதிவு பெற்றவர் பெயருக்குப் பின்னால் 'கே.பி.', 'பி.ஏ.' என்று போட்டிருக்கும். 'கே.பி.' என்றால் மலாயில் பதிவு பெற்ற கவுன்சலர். 'பி.ஏ.' என்றால் 'பெராக்குவான் அமாலான்', அதாவது தொழில் நடத்தும் சான்றிதழ். அதைத் தமிழில் அப்படியே எழுதிவிட்டு நான் பட்ட பாடு! முதுகலை முடித்தவரைப் பார்த்து, "வெறும் பி.ஏ. தானா?" என்று கேட்டார் ஒரு அம்மா.

சரி, தமிழில் என்ன சொல்வது? நிலையத்துக்குத் தமிழில் ஒரு துண்டறிக்கை வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். முதல் வரைவில் கவுன்சலருக்கு 'ஆலோசகர்' என்று எழுதினேன். நிறுவனங்களுக்குப் போகும் கன்சல்டன்டுக்கும் 'ஆலோசகர்' என்றே எழுதினேன். அடுத்தடுத்த வரியில் ஒரே சொல், வேலையோ வேறு வேறு. கவுன்சலர், கன்சல்டன்ட் இரண்டும் லத்தீனில் உறவுக்காரர்கள்தான், அதனால் இதை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் கன்சல்டன்டுக்கு நிறுவனம் காசு கொடுக்கிறது, அவர் யோசனை சொல்கிறார், அறிக்கை எழுதுகிறார். கவுன்சலர் அறைக்குள் பேசியது அறிக்கைக்கு வராது.

அந்த வரைவை எடுத்துக்கொண்டு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்குச் சாப்பாட்டு நேரத்தில் போனோம். லைனில் வேலை செய்யும் ஓர் அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். 'ஆலோசனை பெறலாம்' என்ற வரியில் அவர் விரல் நின்றது. குரலைத் தாழ்த்தி, "என்னப் பத்தி சூப்பர்வைசர் ஏதாவது சொன்னாராம்மா?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை, அப்புறம்தான் புரிந்தது. அவர் வேலையிடத்தில் 'கவுன்சலிங் கொடுத்தாங்க' என்றால் எச்சரிக்கைக் கடிதத்துக்கு முந்திய கட்டம். இரண்டு முறை தாமதமாக வந்தால் எச்ஆர் கூப்பிட்டுக் கவுன்சலிங் கொடுப்பார்கள், மூன்றாவது முறை கடிதம். பள்ளிக்கூடத்திலும் கவுன்சலிங் அறைக்குப் போ என்றால் பையன் ஏதோ செய்துவிட்டான் என்றுதான் பொருள். 'ஆலோசனை', 'அறிவுரை', 'புத்திமதி' எல்லாவற்றுக்கும் நாம் போடும் வினை ஒன்றே: கொடு, அல்லது சொல். கொடுப்பவர் உயரத்தில் இருப்பார், வாங்குபவர் கீழே. சொல்லின் மூலத்தில் அந்த உயரம் இல்லை. ஆலோசனை வடமொழிச் சொல், உற்றுப் பார்த்தல் என்பதுதான் அடிப்படை. ஆனால் வழக்கு அதற்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டது.

தமிழ்நாட்டுப் பத்திரிகையில் 'கலந்தாய்வு' என்று இருக்கும், அது பொறியியல் கல்லூரி இடம் ஒதுக்கும் கவுன்சலிங். நமக்கு ஆகாது.

பழந்தமிழில் தேடினால் 'சூழ்தல்' கிடைக்கிறது. ஆராய்தல், கலந்து யோசித்தல். 'சூழ்வார்கண் ணாக ஒழுகலான் மன்னவன் சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்' என்கிறது 445ஆம் குறள். ஆராய்ந்து சொல்பவர்களே அரசனுக்குக் கண். அருமையான சொல், ஆனால் கெட்டுப்போய்விட்டது. கதவில் 'சூழ்வார்' என்று எழுதி வைத்தால் உள்ளே சூழ்ச்சி செய்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

'ஆற்றுப்படுத்துநர்' என்றும் ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதன் மேல் ஆசை உண்டு. நிலையத்துக்குக் கீழே தே தாரிக் கடை. மாஸ்டர் ஒரு குவளையை உயர்த்தி, இன்னொன்றைத் தாழ்த்தி நுரை பொங்க ஆற்றுவதைத் தினமும் பார்க்கிறேன். கொதிப்பை ஆற்றுவதுதானே மேல்மாடியிலும் நடக்கிறது என்று தோன்றும். ஆனால் இலக்கணம் இதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆற்றுப்படுத்துதலில் வரும் ஆறு வழி என்ற பொருள் கொண்டது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்ற பாணன் வழியில் எதிர்ப்படும் ஏழைப் பாணனிடம், இந்த வழியாகப் போ, இந்த வள்ளலைப் பார் என்பான். கவுன்சலரோ அப்படி ஒரு முகவரி தருவதில்லை. ஆனாலும் அதில் ஒன்று பிடித்திருக்கிறது: வழி சொல்பவனும் பாணன், கேட்பவனும் பாணன். உயரம் கிடையாது.

தெரபிஸ்ட் கதை வேறு. கிரேக்கத்தில் 'தெராப்போன்' என்றால் கூடவே இருந்து பணி செய்பவர், ஹோமரின் காவியத்தில் அக்கிலீசுக்குப் பட்ரோக்ளஸ் இருந்ததுபோல. தமிழில் 'சிகிச்சையாளர்' என்றால் ஊசி நினைவு வருகிறது. இங்கே 'தெரபி' என்றால் முதுகுப்பிடிப்பு நினைவு வருகிறது. 'உளவியல் சிகிச்சையாளர்' என்று முழுதாக எழுதிவிடுவதுதான் வழி. மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர், அவர் எங்கள் மாடியில் இல்லை. மனநலம் என்ற சொல்லைப் போட்டாலே சிலர் தாளைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். பேராக்கில் 1911இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லிக் கேலி செய்து வளர்ந்த தலைமுறை நாம். அந்த மருத்துவமனைக்கு இன்றைய பெயர் 'பஹாகியா', மகிழ்ச்சி என்று பொருள். அதை யாரும் சொல்வதில்லை.

கடைசியில் நான் எடுத்துக்கொண்டது இலங்கைத் தமிழர் வழங்கும் சொல்: உளவளத்துணை, உளவளத்துணையாளர். நீளம்தான், பெயர்ப்பலகைக்காரர் முகம் சுளித்தார். எனக்குப் பிடித்தது கடைசித் துண்டு. துணையைக் கொடுக்க முடியாது. துணை இருக்கலாம், நிற்கலாம், வரலாம். இருட்டில் போகிறவள் தோழியை 'துணைக்கு வாடி' என்றுதான் கூப்பிடுவாள், 'எனக்குத் துணை கொடு' என்று கேட்பதில்லை. (துணை போவது மட்டும் வேறு விவகாரம், அது குற்றத்தில் கூட்டாளி.) மேலே சொன்ன 445ஆம் குறள் வரும் அதிகாரத்தின் பெயரே பெரியாரைத் துணைக்கோடல் என்பதை இதை எழுதும்போதுதான் கவனித்தேன்.

கிளையண்டுக்கு 'வாடிக்கையாளர்' வேண்டாம், மினி மார்க்கெட் வாசனை அடிக்கிறது. 'நாடி வருபவர்' என்று எழுதினேன். பணியிடக் கன்சல்டன்டுக்கு 'ஆலோசகர்' இருந்துவிட்டுப் போகட்டும், அவர் ஆலோசனைதான் சொல்கிறார். போனில் மட்டும் நானும் 'கவுன்சலர்' என்றுதான் சொல்கிறேன். 'உளவளத்துணையாளர் இருக்கிறார்' என்று சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் வைத்துவிடுவார்கள்.

அந்தத் தொழிற்சாலை அக்காவிடம் புதிய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, "துணைன்னா, கூட யாராவது வந்து உட்காரலாமா?" என்றார். தங்கச்சியை அழைத்து வரலாம் என்றேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெரியவருக்கு அன்றே மாநகர் மன்றத்தின் எண்ணைத் தேடிக் கொடுத்திருந்தேன். அந்தச் சீட்டு இன்னும் என் மேசையில் ஒட்டியிருக்கிறது, அவ்வப்போது தேவைப்படுகிறது.