மீன் கிழடாக ஓர் இடம்

"கடலில் ஒரு பகுதியை, மீன்பிடிக்கக் கூடாதென்று பூட்டிவிட்டால், வெளியே வலை வீசுகிறவருக்கு என்ன மிச்சம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றனவே, அது போதாதா என்றும் கேட்கிறார்.

போதாது. 61 நாள் தடை மீனை முட்டையிட விடும், கிழடாக விடாது. பெரும்பாலான மீன்கள் வயதாக வயதாக வளர்ந்துகொண்டே போகின்றன. முட்டைகளோ உடல் எடையைவிட வேகமாகப் பெருகுகின்றன. 30 கிலோ அட்லாண்டிக் காட் மீன் ஒன்று இடும் முட்டைகளுக்கு ஈடுகட்ட, 2 கிலோ மீன்கள் 28 வேண்டும். அதாவது 56 கிலோ மீன்களின் வேலையை ஒரு பாட்டி தனியாகச் செய்துவிடுகிறாள். வலைக்கண்ணில் நழுவித் தப்ப முடியாதவளும் அவள்தான்.

சரி, பாட்டி பிழைத்தாள், பிள்ளைகள் யாருக்கு? ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், மீன்பிடிக்கக் கூடாத பரப்பை 2004இல் 5 சதவீதத்துக்கும் கீழிருந்து 33 சதவீதமாக உயர்த்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் நீரோட்டத்தில் சில வாரங்கள் மிதக்கும் இளவுயிரி, அதாவது முட்டையிலிருந்து வந்த நுண்குஞ்சு, எங்கே பிறந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடையாளச் சீட்டா கட்ட முடியும்?

நீதிமன்றத்தில் தந்தையை நிறுவும் அதே மரபணுச் சோதனைதான். அதே பவளத்திட்டைச் சேர்ந்த கெப்பல் தீவுகளில், மூடிய திட்டுகளில் வாழும் களவா, சங்கரா இன மீன்களின் திசுவை எடுத்து, சுற்றுவட்டாரக் குஞ்சுகளின் திசுவோடு ஒப்பிட்டார்கள். 2012இல் முடிவு வந்தது. அங்குள்ள பவளத்திட்டுப் பரப்பில் 28 சதவீதம்தான் மூடியிருந்தது; 30 கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்து சேர்ந்த குஞ்சுகளிலோ ஏறக்குறையப் பாதி அந்த மூடிய திட்டுகளில் பிறந்தவை. பெற்றோர் தெரிந்த களவாக் குஞ்சுகளில் 83 சதவீதம், சங்கராக் குஞ்சுகளில் 55 சதவீதம், மீன்பிடிக்கும் திட்டுகளிலேயே குடியேறியிருந்தன. மீன் குஞ்சுக்குத் தகப்பன் தேடவா வரிப்பணம் என்று சிரிப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், வரிப்பணத்துக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது.

எல்லை வரைகிறவர் பார்க்க வேண்டிய அளவுகளும் இதிலேயே இருக்கின்றன. மூடும் இடம் பாட்டி உலாவும் தூரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மீன்பிடிக்கும் திட்டு, குஞ்சு மிதந்து போகும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். சூரை போன்ற நாடோடிகளுக்குச் சின்னத் திட்டுகள் பெரிதாக உதவா.

நியூசிலாந்தில், மீன்பிடிக்கக் கூடாத லீ கடல் காப்பகம் 1975இல் தொடங்கியது. கொஞ்ச காலத்தில் சிங்கி இறால் பிடிப்பவர்கள் தங்கள் கூடுகளை எங்கே இறக்கினார்கள் தெரியுமா? எல்லைக்கோட்டை ஒட்டி, வரிசையாக.