ரீல்: சுருளா, உருளையா?

ஊமைப்படக் காலத்தில் ஒரு படம் எவ்வளவு பெரியது என்று கேட்டால் மணிக்கணக்கில் பதில் வராது. ‘நாலு ரீல்’ என்பார்கள். கேட்டவருக்கும் அது போதும்.

ரீல் சினிமாவோடு பிறந்த சொல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்ரெயோல்’ என்றால் நூற்ற நூலைச் சுற்றிவைக்கும் கருவி. தறிக்காரர் வீட்டுச் சாமான். படம் எடுக்க நீளநீளமாக பிலிம் வந்தபோது அதையும் எதிலாவது சுற்றித்தானே ஆகவேண்டும்? பெயர் அப்படியே தாவியது. முதலில் சக்கரத்துக்கு, பிறகு அதில் சுற்றிய பிலிமுக்கு, அப்புறம் அந்த நீளத்துக்கு.

ஒரு ரீல் என்றால் ஏறக்குறைய 1,000 அடி. 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படங்கள். நொடிக்கு 16 பிரேம் ஓட்டினால் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். கையால் சுற்றுகிறவர் அவசரக்காரர் என்றால் சீக்கிரமே முடிந்துவிடும். ஒரே புரொஜெக்டர் உள்ள கொட்டகையில் ரீல் மாற்றும்வரை சனங்கள் சும்மா காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த அளவுக்குள் ஒரு நாவலை அடைப்பது எப்படி? வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ 1819 டிசம்பரில் மூன்று பாகங்களாக வந்தது. 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து, குதிரைவீரர்கள், கோட்டை முற்றுகை என 44 அத்தியாயங்கள். 1913-இல் ஹெர்பர்ட் பிரெனன் அதை நாலு ரீலில் எடுத்தார். வகுத்துப் பாருங்கள், ரீலுக்கு 11 அத்தியாயம்! கிங் பேகட் நாயகன்; கதையில் வரும் யூத வட்டிக்காரர் ஐசக்கின் வேடம் பிரெனனுக்கே. அமெரிக்க நிறுவனம்தான், ஆனாலும் குழு கடல் கடந்து வேல்ஸில் உள்ள செப்ஸ்டோ கோட்டைக்கே போய்ப் படம் பிடித்தது. நாவலில் யார்க்‌ஷயரில் இருக்கும் கோட்டைக்கு, படத்தில் வை ஆற்றங்கரைக் கல்சுவர். ரீலில் சிக்கனம் பிடித்தவர்கள் கப்பல் செலவில் பிடிக்கவில்லை. பத்தே ஆண்டில், 1923-இல், விக்டர் ஹ்யூகோவின் நோத்ருதாம் கூனன் கதை 12 ரீலுக்கு வளர்ந்துவிட்டது.

சரி, தமிழில்? ‘படச்சுருள்’ ஏற்கெனவே புழங்கும் நல்ல சொல். ஆனால் அது குறிப்பது சுற்றிய பிலிமை. ‘வெறும் ரீல்’ என்றால் காலியான சக்கரம். ‘வெறும் சுருள்’ என்றால் என்ன பொருள்? எதுவும் சுருண்டிருக்கவில்லையே. ஆகவே சக்கரத்துக்குச் ‘சுற்றுருளை’, பிலிமுக்குச் ‘சுருள்’ என்று பிரித்துக்கொள்வது என் கட்சி. ‘நாலு சுருள் படம்’ என்று நீளத்துக்கும் சுருளையே சொல்லலாம், காதுக்கு உறுத்தவில்லை.

‘ரீல் விடாதே’ மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். அதையும் மாற்றி ‘சுருள் விடாதே’ என்றால், பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.