கூட்டுத் திட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறீர்களா? முதலில் உரிமத்தை முடிவு செய்யுங்கள்

பதிப்புரிமை, ஒப்பந்தம் இவை பற்றி ஆலோசனை சொல்வதுதான் என் தொழில். தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் திட்டங்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறவர்கள் பலரும், அட்டை வடிவமைப்பெல்லாம் முடிந்து அச்சுக்குப் போகிற நேரத்தில்தான் "எந்த உரிமம் போடலாம்?" என்று, அதாவது புத்தகத்தைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியைப் பற்றி, கேட்டு வருகிறார்கள். அதற்குள் யார் யாருடைய எழுத்து, படம், வரைபடம் எல்லாம் உள்ளே வந்திருக்கிறதோ, அவற்றின் உரிமங்கள் புத்தகத்தின் கையைக் கட்டிவிட்டிருக்கும்.

நான் சொல்வது இதுதான்: அந்தத் திட்டத்தின் எழுத்து எந்த உரிமத்தில் இருக்கிறதோ அதையே புத்தகத்துக்கும் வையுங்கள், முதல் அத்தியாயம் எழுதும்முன்பே அதை முடிவு செய்யுங்கள். விக்கிப்பீடியா பற்றிய புத்தகம் என்றால் இன்றைக்கு அது, படைப்பைப் பிறரும் பயன்படுத்த விடும் பொது உரிமங்களில் ஒன்றான கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0. யாரும் பயன்படுத்தலாம், விற்கலாம், மாற்றலாம்; ஆனால் எழுதியவர் பெயரைச் சொல்லவேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில்தான் வெளியிடவேண்டும். உரிமம் ஒன்றாக இருந்தால் அங்கிருந்து ஒரு பத்தியைப் புத்தகத்துக்கு எடுக்கலாம், புத்தகத்திலிருந்து ஒரு விளக்கத்தை அங்கே சேர்க்கலாம். தன்னார்வலர்களின் உழைப்பைப் பற்றிய புத்தகம் அவர்களுக்கே பயன்படாமல் போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இதில் காலமும் விளையாடும். 2008-ல் விக்கிப்பீடியா பற்றி ஆங்கிலத்தில் ஒரு நல்ல வழிகாட்டி நூல் வந்தது. விக்கிப்பீடியா அப்போது குனூ கட்டற்ற ஆவண உரிமம் என்ற வேறொரு பொது உரிமத்தில் இருந்ததால் புத்தகத்துக்கும் அதையே வைத்தார்கள், அன்றைக்கு அது சரியான முடிவு. ஆனால் 2009 ஜூனில் விக்கிப்பீடியா கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறியது. அப்படி மாற இடம் கொடுத்த குனூ உரிமத்தின் 1.3 பதிப்பு, பலர் சேர்ந்து எழுதும் இணையதளங்களுக்கு மட்டும், அதுவும் 2009 ஆகஸ்ட் 1 வரை மட்டும்தான் அந்தச் சலுகையைத் தந்தது. அச்சுப் புத்தகங்களுக்கு அது பொருந்தாது. அதற்கப்புறம், குனூ உரிமத்தில் மட்டுமே இருக்கும் வெளி எழுத்தை விக்கிப்பீடியாவில் சேர்க்க முடியாமல் போனது.

எழுதியவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் உட்கார்ந்து பேசி உரிமத்தை மாற்றிவிடலாம். நிறையப் பேர் என்றால் என்ன ஆகும் என்பதற்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பாருங்கள். உரிமம் மாற்றுவதற்காகப் பங்களிப்பாளர்கள் எல்லோரிடமும் சம்மதம் கேட்டார்கள். மறுத்தவர்கள், பதிலே தராதவர்கள் சேர்த்திருந்த தரவுகளை 2012 ஜூலையில் நீக்கினார்கள், செப்டம்பரில்தான் புது உரிமத்துக்கு வர முடிந்தது.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பலரும் ஆசைப்படுவது "வணிகப் பயன்பாடு கூடாது" என்ற என்சி வகை. யாராவது அச்சடித்து விற்றுவிடுவார்களே என்ற பயம், எனக்குப் புரிகிறது. ஆனால் என்சி போட்டுவிட்டால் விக்கிப்பீடியா அந்த எழுத்தை எடுக்காது, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளம் அந்தப் படங்களை ஏற்காது, புத்தகக் கண்காட்சியில் கடை போட்டு விற்க நினைக்கும் சின்னப் பதிப்பகமும் தயங்கும். பை-எஸ்ஏவில் ஒருவர் விற்றாலும் உங்கள் பெயரும் உரிமமும் கூடவே போகவேண்டும், வாங்கியவர் மறுபடி நகலெடுப்பதை அவர் தடுக்கவும் முடியாது. மாற்றம் கூடாது என்கிற என்டி வகை இன்னும் மோசம். அதை வைத்தால் மொழிபெயர்ப்பை வெளியிடக்கூட உங்களிடம் தனி அனுமதி வாங்கவேண்டும்.

பதிப்புரிமைப் பக்கத்தையும் பாருங்கள். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு அச்சுப்படியில், மேலே "எழுத்து மூலமான அனுமதியின்றி இந்நூலின் எந்தப் பகுதியையும் மறுபிரசுரம் செய்யக்கூடாது" என்றும், அதற்குக் கீழேயே கிரியேட்டிவ் காமன்ஸ் சின்னமும் இருந்தன. பழைய புத்தகத்தின் பக்கத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். வாசகர் இதில் எதை நம்புவார்? இப்படிப் போடுங்கள்: "இந்நூலின் எழுத்து கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வெளியாகிறது. படங்களின் உரிமம் அந்தந்தப் படத்தின் கீழே தரப்பட்டுள்ளது." உரிமத்தின் இணைய முகவரியையும் சேர்த்துவிடுங்கள். அட்டையில் திட்டத்தின் லோகோவை வைப்பதாக இருந்தால் அது தனி விஷயம், வணிக முத்திரைக்கு இந்த உரிமம் அனுமதி தராது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை தருவது எழுத்தில் இருக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆகவே அத்தியாயம் எழுதித் தந்த நண்பர் போனில் "சரி, போட்டுக்கோங்க" என்று சொன்னதை நம்பி, உலகம் முழுக்க, பதிப்புரிமைக் காலம் முழுக்கச் செல்லும் ஒரு உரிமத்தை வைக்காதீர்கள். உரிமத்தின் பெயரையும் பதிப்பையும் குறிப்பிட்டு ஒவ்வொருவரிடமும் மின்னஞ்சலில் சம்மதம் வாங்கி வையுங்கள், புகைப்படம் தந்தவர்களிடமும்தான்.

பதிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில் பிரத்யேக உரிமை, அதாவது அவர் மட்டுமே வெளியிடலாம், என்ற வரி இருந்தால் கையெழுத்துக்கு முன்பே அதை எடுக்கச் சொல்லுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது, அதனால் அந்த வரியும் இந்த உரிமமும் ஒரே புத்தகத்தில் சேர்ந்து நிற்காது.