ஆர்த்ராஸ்கோப்பி முடிந்த அன்று இரவு

முழங்காலில் ஆர்த்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் மூட்டு அறுவை சிகிச்சை, செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கிளம்பும்போது வலி அவ்வளவாகத் தெரியாது. "ரெண்டு சின்ன ஓட்டைதானே டாக்டர், இத்தனை மாத்திரை எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டிலிருந்து நள்ளிரவில் போன் வரும்.

மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேலை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தோலில் உள்ள துளை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காதுதான். ஆனால் உள்ளே கிழிந்த ஜவ்வை வெட்டிச் சீராக்கியிருப்போம், அல்லது தைத்திருப்போம். மூட்டை விரித்துப் பார்க்க உப்புநீர் செலுத்தியிருப்போம். வீங்கத்தான் செய்யும். தசைநாரைப் புதிதாக வைத்துக் கட்டியவர்களுக்கு, அதற்காக நார் எடுத்த இடமும் சேர்ந்து வலிக்கும்.

அதனால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் மாத்திரையை எழுதிக் கொடுத்த நேரப்படி போடுங்கள், படுக்கப்போகும் முன் போடுவதையும் சேர்த்து. ஏறிய வலியை இறக்குவது கஷ்டம். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் இன்னும் குறைவு. சளி மாத்திரை பலவற்றிலும் அது இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் போன்றவற்றை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. சிறுநீரகப் பிரச்சினை, அல்சர் உள்ளவர்களுக்கு அவை ஆபத்து.

அப்புறம் தலையணை. தையலைக் காட்ட வருபவரைக் காலை நீட்டிப் படுக்கச் சொல்வேன். சிலருக்கு முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவே என் மடக்கிய கை நுழையும் அளவு இடைவெளி இருக்கும். "முழங்காலுக்கு அடியில தலையணை வெச்சாத்தான் அவனுக்கு வலி தெரியல" என்பார் கூட வந்த அம்மா. உண்மைதான். நீர் கோத்த மூட்டு லேசாக மடங்கியிருந்தால் உள்ளே அழுத்தம் குறையும். ஆனால் நாள் கணக்கில் அப்படியே கிடந்தால் கால் முழுதாக நீளாது, தாங்கித் தாங்கி நடக்க வேண்டிவரும், முழங்காலின் முன்பக்க வலி நிலைத்துவிடும். டாக்டர் வேறு விதமாகச் சொல்லாதவரை தலையணை குதிகாலுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். அதுவும் நெஞ்சுக்கு மேலே கால் உயரும்படி. அப்படியே படுத்தபடி முழங்காலை மெத்தையை நோக்கி அழுத்தித் தொடையை இறுக்கி விடுங்கள். வீங்கிய மூட்டு தொடைத் தசையைத் தூங்க வைத்துவிடும், அதை எழுப்ப இதுதான் வழி.

ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். மரத்துப்போன தோலில் வைக்காதீர்கள், புண்ணாவதே தெரியாது.

எண்ணெய் போட்டு நீவிவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். நீவினால் நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். அந்த வலிக்கும், காய்ச்சலுக்கும், துளையில் சீழ் கசிவதற்கும், குறைய வேண்டிய வலி நாளுக்கு நாள் கூடுவதற்கும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.